நெஞ்சுக்கூட்டு ஒறம்பரை

இக்கதை இங்கே தரப்படும் வடிவில் கேட்கப்பட்டது 2018ஆம் ஆண்டு தை மாதத்தில், அவிநாசியிலிருந்து ஆட்டுக்கல்பாளையம் செல்லும் நகரப் பேருந்தில், கருணாம்பிகை என்பவரிடமிருந்து. அவர் ஆட்டுக்கல்பாளையம் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் டோக்கன் கொடுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நிகழ்ந்தவற்றில் பெரும்பகுதியைத் தம் மேசைக்குப் பின்னாலிருந்த கதவிடுக்கு வழியாகக் கண்டதாகச் சொன்னார். இதே கதை அடுத்த ஆண்டில் விசைத்தறித் தொழிலாளி நாச்சிமுத்துவிடமும், அதே மருத்துவமனையில் செவிலியராக இருந்த பியூலாவிடமும் கேட்கப்பட்டது. மூவரும் பெரும்பகுதியை ஒன்றுபோலவே சொல்கின்றனர், முடிவில் பிரிகின்றனர். கீழே வருவது கருணாம்பிகையின் சொல்முறை. பேச்சு அவர் வாயில் வந்தபடியே விடப்பட்டிருக்கிறது.

ஆட்டுக்கல்பாளையத்தில் முதலில் கல் கொத்தினார்கள், பிறகு கிரைண்டர் செய்தார்கள், பிறகு கிரைண்டருக்கு மோட்டாரும் மோட்டாருக்குப் பேரிங்கும் செய்தார்கள், இப்படிச் சுற்றுகிற பொருளையே பிழைப்பாகக் கொண்டுவிட்ட ஊரில் மனிதரைச் சுற்றுகிற இயந்திரம் ஒன்றும் ஒருநாள் செய்யப்பட்டபோது யாரும் பெரிதாக வியந்துவிடவில்லை. செய்தவள் சாந்தாமணி. மின்னணுவியல் படித்து, தாராபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை இருந்த மருத்துவமனைகளில் வெளிநாட்டு ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டு திரிந்தவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள், தேடும்போது அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு அடுத்தவரிடம் கேட்பாள். அவளுடைய தகப்பனார், அந்த இயந்திரங்கள் உடம்பைத் தடித்த சீவல்களாக அறுத்துக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சீவலுக்கும் அடுத்த சீவலுக்கும் நடுவே பதுங்கிக்கொண்ட சிறு கட்டியொன்றால் போனவர். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் எந்த இடைவெளியைக் கண்டாலும் அங்கே ஏதோ பதுங்கியிருப்பதாகவே படும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, கணவன் ஒரு சொல் சொல்லி அடுத்த சொல்லுக்கு வாய் திறப்பதற்கு நடுவே.

கணவன் சென்னியப்பன் கிரைண்டர் வார்ப்பகம் வைத்திருந்தான். அவள் கேட்ட வளையத்தை அவன் வார்த்துக் கொடுத்தான். கல்யாண மண்டபங்களுக்குச் செய்யும் பெரிய கிரைண்டரின் பேரிங்கில் அதை ஏற்றினார்கள். வளையத்தின் ஒரு பக்கத்தில் கதிர் விடும் குழல், எதிர்ப்பக்கத்தில் அதை வாங்கும் உணரிகள். நடுவே படுத்தவரை வளையம் சுற்றிச் சுற்றி வர, எல்லாத் திசையிலிருந்தும் விழுந்த நிழல்களைக் கணினி கூட்டிக் கழித்து ஒரு சீவலாக்கும். பாக்குச் சீவல்போல மெல்லிதாக வேண்டும் என்று அவள் உணரிகளை நெருக்கினாள், பின்னும் நெருக்கினாள், ஈ இறகைப்போல ஆகும் மட்டும் நெருக்கினாள். அப்படி நெருக்கி முடித்த அன்று காலையில், இருமலுக்காக ஊர் மருத்துவமனைக்கு வந்திருந்த தலைமையாசிரியர் கிட்டுசாமியின் நெஞ்சுக்கூட்டுக்குள், நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நடுவே, ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சிறிய உருவம். முதுகு மட்டும் தெரிந்தது. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவரைப்போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி இருந்தது. படம் பார்க்கும் மருத்துவர் ஜெபமணி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, ஆளு ஒண்ணு உக்காந்திருக்கே?"

"ஆமாங்க டாக்டர்," என்றாள் சாந்தாமணி.

"உம்ம மெஷின்ல ஏதும் கோளாறா?"

"இல்லீங்க. முன்னயும் உக்காந்துதான் இருந்திருப்பாங்க. இப்பத்தான் நமக்குத் தெரியுது."

ஜெபமணி, காசநோய் இல்லை, உள்ளே ஓர் உரு இருக்கிறது, கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்து வந்த அம்மாளுக்குள்ளும் ஒருவர் இருந்தார். அதற்கடுத்த லாரி ஓட்டுநருக்குள்ளும் இருந்தார். அந்த வாரம் முடிவதற்குள், இல்லாதவர் எவரும் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

மருத்துவமனை அதை உள்ளுரு என்றது. ஊர் அப்பெயரை ஏற்கவில்லை, ஒறம்பரை என்றது. கொங்கு வட்டாரத்தில் ஒறம்பரை என்றால் சொந்தக்காரர் என்றும் பொருள், வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி என்றும் பொருள். வருகிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அவசியம் அங்கே எவருக்கும் நேர்ந்ததில்லை. ஆகவே நெஞ்சுக்குள் இருப்பவர் ஒறம்பரை என்று பெயர் விழுந்த உடனே, அவர் எந்த வழியில் ஒறம்பரை, தாய் வழியா தந்தை வழியா, கொடுத்த இடமா எடுத்த இடமா, அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது.

அதற்குத் தக்கபடியே காரியமும் நடந்தது. இருமல் நிற்காமல் கிட்டுசாமி மறுபடி வந்து படுத்தபோது, அவர் மனைவி கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து திரையைப் பார்த்தவள், அந்த உருவின் பிடரியையும் கழுத்து மடிப்பையும் கண்டு, "அட, எங்க அத்தையாட்டவே இருக்குதுங்களே!" என்று வாய்விட்டாள். நோயாளிக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லும் மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. அத்தை என்ற சொல் வளையத்துக்குள் போய் விழுந்ததும், அந்தச் சிறிய உரு திரும்பிப் பார்த்து, எழுந்து, ஓரமாகப் போய் நின்றுகொண்டது. கிட்டுசாமியின் தாயார்தான். இறந்து பலகாலம் ஆனவர். அவர் நகர்ந்த இடத்துக்குப் பின்னால் நுரையீரல் சுத்தமாகத் தெரிந்தது.

அன்று முதல் கருணாம்பிகை டோக்கன் கொடுக்கும்போதே, "வெறும் வயித்துல வாங்க, முறை தெரிஞ்ச ஆளு ஒருத்தரையும் கூட்டியாங்க" என்று சொல்லிவிடுவார். மைக்கின் முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று மாமா என்றும் சின்னம்மா என்றும் மச்சாண்டார் என்றும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சரியான முறை வாயில் வந்ததும் உள்ளே இருப்பவர் எழுந்து வழிவிட்டார். ஒறம்பரைக்கும் சேர்த்து ஒரு கவளம் அதிகமாகப் பிசைவது வழக்கமாயிற்று. நடத்துநர்கள், "உங்களுக்கு ஒண்ணு, உள்ளே இருக்கறவருக்கு ஒண்ணுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சண்டை வந்தால், "உன்ற ஒறம்பரைக்கு இருக்கற புத்தி உனக்கு இல்லியே" என்றார்கள். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வீடொன்றில், தறிப்பட்டறைக்காரருக்குள் அமர்ந்திருந்தவர் எவர் கூப்பிட்டும் நகராமல் போக, மருத்துவர் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்; அதே நேரத்தில் சூரத்தில் துணி வாங்கிக்கொண்டிருந்த அவருடைய தம்பி விலாவைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் ஜெபமணி ஒறம்பரை மறைத்த இடத்தில் ஊசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். ஊசி யாரைப் போய்க் குத்துமோ, சொல்ல முடியாது.

இவ்வளவையும் ஊர் ஒரு பருவத்துக்குள் செரித்துக்கொண்டது. சாந்தாமணிக்குத்தான் செரிக்கவில்லை. எவருக்கும் தெரியாமல் அவள் தன் கணவனின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது சாதாரணமாகத்தான் தொடங்கியது. வார்ப்பக மணல் தூசு என்றான் அவன். பிறகு மழைக்காலம் என்றான். சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தபோது, நேற்றைய புளிக்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அவன் ஒவ்வொரு காரணத்தையும் சொல்லச் சொல்ல, சொல்லப்பட்ட காரணத்துக்கும் அடுத்த காரணத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவள் தன் தகப்பனாரைக் கண்டாள்.

"ஏனுங்க, வந்து ஒருக்கா படுங்க. பாத்துப் போடலாம்."

"என்ற வளையத்துல என்னையவே படுக்க வெக்கறயா அம்மிணி?"

"மோட்டார் ஓடற சத்தத்த வெச்சே பேரிங் போச்சுன்னு சொல்லுவீங்கல்லோ. எனக்கும் காது இருக்குதுங்க."

அவளைச் சாந்தாமணி என்று அவன் கூப்பிட்டதில்லை, அம்மிணிதான். அவன் பெயரை அவள் வாயில் எடுத்ததே இல்லை, ஏனுங்கதான். அதட்ட வேண்டியிருந்தாலும் ஏனுங்க, அழவேண்டியிருந்தாலும் ஏனுங்க. அவன் வந்து படுத்தான். வளையம் சுற்றியது. அவளே பதிவு செய்து வைத்திருந்த அவள் குரல், "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றது; "மூச்ச விடுங்க" என்றது. சீவல்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. வலது நுரையீரலின் நடுவே ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்; அவருடைய தோளுக்கு மேலே, தலைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்ப்பதுபோல, ஒரு நிழலின் ஓரம் தெரிந்தது.

ஜெபமணி அந்த ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த நெழலு அவங்க நெழலாவும் இருக்கலாம். பின்னால உள்ள சீக்கா இருந்தாலும் இருக்கலாம். ஆளு நகராம என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"சீக்கா இருந்தா?"

"சின்னதா இருக்கையிலயே பாத்துட்டா எடுத்துரலாம். உங்க மாமியார் வீட்டு ஆளுகள வரச்சொல்லுங்க. சீக்கிரமா வரச்சொல்லுங்க."

கோயமுத்தூருக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்குள்ள இயந்திரங்களில் ஒறம்பரை தெரியவில்லை. அவர் மறைத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நெஞ்சைத் திறந்து பார்த்தால்தான் ஆயிற்று என்றார்கள். திறக்கும்போது அங்கே உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வார்கள் என்று சாந்தாமணி கேட்கவில்லை. கேட்டால் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

முதலில் மாமியார் நாச்சாயி வந்து மைக்கைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தம்முடைய இறந்துபோன கணவரை நினைத்து, "ஏனுங்க மாமா" என்றார். உரு அசையவில்லை. பெரியப்பன் வழியில் கூப்பிட்டார்கள். அசையவில்லை. சிறுவயதில் கிணற்றில் விழுந்துபோன, சென்னியப்பனின் தங்கையைச் சாமி என்றும் கண்ணு என்றும் கூப்பிட்டார்கள். அழுகை வந்தது, உரு அசையவில்லை. ஒவ்வொரு முறையும் சென்னியப்பன் படுத்தபடியே, "யாருனு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க, ஒரு வாய் காப்பி குடுக்கலாம்" என்றான். ஒவ்வொரு முறையும் எழும்போது சட்டை முன்னைவிடத் தொளதொளத்தது.

வாயால் ஆகாததை வளையத்தால் செய்துவிடலாம் என்று சாந்தாமணி நினைத்தாள். அவர் எழாவிட்டால் போகட்டும், பக்கவாட்டிலிருந்து பார்ப்போம். மாவு அரைந்ததும் கல்லோடு பாத்திரத்தைச் சாய்த்து வழித்தெடுக்கும் டில்ட்டிங் கிரைண்டரைக் கணவனின் வார்ப்பகத்தில்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாய்ப்புக் கட்டையையும் திருகையும் கழற்றி வந்து வளையத்தின் அடியில் பொருத்தினாள். நேராக மட்டுமே சுற்றிய வளையம் இப்போது முன்னும் பின்னும் சாய்ந்து சுற்றியது. வெளியூர்ப் பொறியாளர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சென்னியப்பனைப் படுக்கவைத்து வளையத்தைச் சாய்த்தாள். உரு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது, முதுகுதான் தெரிந்தது. எதிர்ப்பக்கம் சாய்த்தாள். பஸ் வளைவில் திரும்பும்போது உடம்பைச் சரிசெய்துகொள்பவரைப்போல மெல்ல நகர்ந்து, மறுபடி முதுகையே காட்டியது. எந்தக் கோணத்தில் வைத்தாலும் நிழல் அந்த முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பாதிச் சாய்வில் நின்ற வளையத்தை அவள் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் சென்னியப்பனின் அக்கா, அவளுக்கு நங்கையாள் முறையானவள், வெற்றிலையை மடித்தபடி காத்திருந்தாள்.

"ஊர்ல எல்லாத்தயும் கூப்புட்டுப் பாத்தாச்சு. ஒருத்தியத் தவுத்து."

"ஆருங்க?"

"உனக்குத் தெரியாததா? தங்கநாயகி."

தெரியும். தாய்மாமன் மகள். சென்னியப்பனுக்கென்று பேசி வைத்திருந்தவள். ஒரு சீர் விஷயத்தில் இரு வீட்டுக்கும் மனத்தாங்கலாகி, கோபிப் பக்கம் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். சென்னியப்பன் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. சொல்லாததால்தான் அவள் அதை மறந்ததில்லை.

"நீயே கூப்புடோணும்," என்றாள் நங்கையாள். "நாங்க கூப்புட்டா, உனக்கு முன்னால திலும்புவாளா? நீ கூப்புட்டாத்தான் உண்மை தெரியும்."

"உண்மை தெரிஞ்சு எனக்கென்னங்க ஆவணும்? பின்னால என்ன இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்."

சொல்லிவிட்டாள். ஆனால் வீட்டுக்குப் போய் அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் அவளுக்கு இரண்டு பயங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. அந்தப் பெயரைச் சொன்னதும் உரு எழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று, எழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று. எந்தப் பயம் எதை மறைக்கிறது என்று அவளுடைய எந்த இயந்திரத்தாலும் காட்ட முடியவில்லை. அன்று முழுவதும் கொண்டையிலிருந்த பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூப்பிட்டாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கணவன் படுத்திருக்க, மைக்கை அவனுக்குக் கேட்காதபடி குறைத்து வைக்க வழியிருந்தும் குறைக்காமல், "தங்கநாயகி அக்கா" என்றாள். வளையத்துக்குள் சென்னியப்பனின் கால் விரல்கள் ஒருமுறை மடங்கின. உரு மடங்கவில்லை, அசையவில்லை, திரும்பவில்லை. பெயரோடு பிள்ளை என்று சேர்த்துக் கூப்பிட்டாள். கணவன் பக்கத்து முறையாக மாமன் மகளே என்றாள். முறையில் இருந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அந்த முதுகு எந்த முறைக்கும் உரியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் சொன்னான்:

"அது அவ இல்ல அம்மிணி. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

"பின்ன ஆருங்க?"

"எனக்குத் தெரிஞ்சா நீ இத்தன வெசனப்படறதுக்கு உட்டிருப்பனா?"

ஒரு பயம் இறங்கிப் போயிற்று. அதன் இடத்திலும் மற்றதே பரவி உட்கார்ந்துகொண்டது. இப்போது கூப்பிட ஆளில்லை. முறைகள் தீர்ந்துவிட்டன. இருமலில் ரத்தக் கீற்று வந்தது. ஜெபமணி அவளைத் தனியே அழைத்து, "இனியும் தாமதிச்சா நான் உங்களுக்குத் துரோகம் செய்யுதேன்னு அர்த்தம். நாளைக்கு ஒரு தடவ கடைசியாப் பாப்போம். இல்லேன்னா நெஞ்சத் தொறக்க அனுப்பிருவேன், உள்ள உள்ளவரு பாடு கடவுள் பாடு" என்றார்.

அடுத்த நாள் சென்னியப்பனை மைத்துனனின் காரில் முன்னால் அனுப்பிவிட்டு, வார்ப்பகத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்த பின் சாந்தாமணி நகரப் பேருந்தில் ஏறினாள். நல்ல கூட்டம். இருவர் அமரும் இருக்கையொன்றில் ஒரு பெரியவர் மஞ்சள் பையை அணைத்துக்கொண்டு, நடுவில் பரந்து உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நெருக்கிக்கொண்டு அந்த இருக்கையருகே வந்தாள். "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டத் தள்ளி உக்காருங்க" என்றாள். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கமாக நகர்ந்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் யார், எந்த ஊர், எந்தக் குலம் என்று அவள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அதுவொரு பொருட்டாகவும் தெரியவில்லை.

ஸ்கேன் அறையில் எல்லோரும் இருந்தார்கள். நாச்சாயி முந்தானையை வாயில் வைத்திருந்தார். நங்கையாள் சுவரோடு நின்றாள். கருணாம்பிகை கதவிடுக்கில் இருந்தார். ஜெபமணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் சென்னியப்பன், தான் வார்த்த வளையத்துக்குள், கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருந்தான். விலா எலும்புகளைச் சீவல் எடுக்காமலே எண்ணிவிடலாம்போல் இருந்தன. வளையம் சுற்றத் தொடங்கியது. சாந்தாமணி மைக்கின் முன்னால் வந்து நின்றாள். என்ன முறை சொல்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை. திரையில் அந்த முதுகு, மடியில் கை வைத்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, பரந்து உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க," என்றாள்.

"சீக்கிரம் சொல்லும்மா," என்றார் ஜெபமணி.

"ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டத் தள்ளி உக்காருங்க."

உரு மடியிலிருந்து எதையோ சேர்த்தெடுத்துக்கொண்டது. பையோ, முந்தானையோ, வேட்டி நுனியோ, அவ்வளவு சிறிய உருவில் அது தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தபடியே அந்தப்பக்கமாக நகர்ந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, அதற்குமேல் இல்லை.

இத்தனைபேரும் இத்தனை நாளும் சொந்தக்காரரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒறம்பரை என்ற சொல்லின் மறுபாதி, எவரென்று தெரியாமல் வந்து அமர்ந்திருக்கும் அந்நியரும் ஒறம்பரைதான் என்பது, அதைப் பிறந்ததுமுதல் சொல்லிக்கொண்டிருந்த எவர் நினைவுக்கும் வந்திருக்கவில்லை. நாச்சாயிதான் முதலில், "ஆரு அது? மூஞ்சியப் பாரு, மூஞ்சியப் பாரு" என்றார். நகரும்போது முகம் ஏதோவொரு சீவலில் வந்து போயிருக்கவேண்டும். நங்கையாள் திரைக்கு அருகே ஓடினாள். சாந்தாமணி பார்க்கவில்லை, அவள் பார்த்தது காலியான இடத்தை.

நிழல் நகரவில்லை.

அவர் நகர்ந்த இடத்தில், நுரையீரலின் மடிப்பில், பாக்கு அளவில், விளிம்பு சீராக, தனியாக அது இருந்தது. அவள் தகப்பனார் நெஞ்சில் இருந்தது இதேதானா என்று அவளுக்குத் தெரியாது, அதை எவரும் பார்த்ததில்லை. இதை அவள் பார்த்துவிட்டாள். ஜெபமணி கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. அளவுகோலைத் திரையில் வைத்து ஒருமுறை, இன்னொருமுறை அளந்தார்.

"சீக்குதான். ஆனா சின்னது. வேரு விடல. எடுத்துரலாம்மா. எடுத்துரலாம்."

அவள் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சென்னியப்பன் முகம் சிவக்கப் படுத்திருப்பதைக் கருணாம்பிகைதான் முதலில் கவனித்துக் கதவிடுக்கிலிருந்து, "அக்கா, மூச்சு!" என்று கத்தினார். மூச்சைப் பிடிக்கச் சொன்னதோடு, மைக் திறந்ததால் பதிவுக்குரல் நின்றுபோயிருந்தது. மூச்சை விடச் சொல்ல ஆளில்லாமல் அவன் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"மூச்ச விடுங்க," என்றாள் சாந்தாமணி, தன் வாயால். "விடுங்க. விடுங்க. ஆயிருச்சுங்க."

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முதலில் கேட்டது நோயைப் பற்றியல்ல.

"நகந்துட்டாங்களாமா? ஆரு அம்மிணி அது?"

"தெரியலீங்க."

"மொகத்தக் கூடவா பாக்கல?"

"பாக்கல," என்றாள் அவள். "நல்ல மனுசங்க. கேட்ட ஒடனே எடங் குடுத்துட்டாங்க."

கோயமுத்தூரில் எடுத்துவிட்டார்கள். ஓர் ஆள் உட்காரும் அந்த இடைவெளியின் வழியாகவே கருவியை விட்டு எடுத்ததாகவும், பக்கத்தில் இருந்தவர்மேல் ஒரு துளிகூடப் படவில்லை என்றும் கருணாம்பிகை சொன்னார். சென்னியப்பனின் சட்டை மறுபடி அவன் அளவுக்கு வந்தது. அதன்பின் அந்த ஊர் மருத்துவமனையில் முறை சொல்லி எவரும் கூப்பிடுவதில்லை. அக்கட்டத் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள், நகர்கிறார்கள். வந்திருப்பவர் அத்தையாக இருந்தாலும் அப்படித்தான். இவ்விடத்தில் கருணாம்பிகை கதையை முடித்தார். பேருந்தும் ஊருக்குள் நுழைந்துவிட்டது.

செவிலியர் பியூலா முடிவை இன்னும் சற்று நீட்டுகிறார். அவர் சொல்முறையில், அறுவைக்குப் பின் எடுத்த படத்தில் அந்தக் காலி இடத்தில் இரண்டாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் முதுகைத்தான் காட்டினார், கொண்டையில் ஏதோ குச்சிபோல ஒன்று செருகியிருந்தது. கேட்பவர்களுக்கு இம்முடிவு பிடித்திருப்பதால் அது பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம். பொய்யென்று தள்ளவும் ஆதாரமில்லை.

விசைத்தறி நாச்சிமுத்துவின் முடிவு முற்றிலும் வேறு. அதில் உரு நகர்ந்தபோது நிழலும் கூடவே நகர்ந்தது. நோயே இல்லை, அவருடைய நிழல்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஆனால் அடுத்த படத்தில் அவர் இன்னும் சற்று ஓரமாக இருந்தார், அதற்கடுத்ததில் விளிம்பில் இருந்தார், பிறகு இல்லை; இடம் கொடுக்கச் சொன்னதை இறங்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார் என்கிறார் நாச்சிமுத்து. சென்னியப்பனுக்கு இருமல் நின்றுபோயிற்று. ஆனால் அதன்பின் பேருந்தில் ஏறினால் அவன் பக்கத்து இடத்தில் எவரையும் உட்காரவிடுவதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை வெளியே நீட்டி, நிற்கிறவர்களின் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான், சாந்தாமணி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள். எந்த நிறுத்தத்தில் இறங்கினாராம் என்று கேட்டதற்கு, நாச்சிமுத்து தறியை நிறுத்தாமலே, "அது தெரிஞ்சா அவரு ஏனுங்க இன்னும் தேடறாரு?" என்றார்.